முதல் நாள் வகுப்பில்: பெயர்ச் சங்கிலியா, இரண்டு உண்மை ஒரு பொய்யா?

புது வகுப்பில் நான் முதலில் ஆட வைப்பது பெயர்ச் சங்கிலிதான். முதல் பிள்ளை தன் பெயரைச் சொல்லும்; அடுத்த பிள்ளை அதோடு தன் பெயரையும் சேர்க்கும்; இப்படியே ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் வந்த பெயர்களையெல்லாம் சொல்லிவிட்டுத் தன் பெயரைச் சொல்லும். ‘மாம்பழ மாலதி’, ‘முறுக்கு முருகன்’ என்று பெயரின் முதல் எழுத்திலேயே ஒரு தின்பண்டத்தை ஒட்டிவிட்டால் மறக்கவே மறக்காது. ஆனால் 40 பேரை ஒரே வட்டமாக உட்கார வைத்தால் மொத்தம் 820 முறை பெயர் சொல்லியாக வேண்டும். கடைசிப் பிள்ளை திணறிப்போகும். பத்துப் பத்துப் பேராகப் பிரித்துவிட்டால் ஒரு வட்டத்துக்கு 55 முறைதான். ஒரு பிள்ளை தடுமாறும்போது பக்கத்துப் பிள்ளை சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் காட்டும். நட்பு அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு உண்மை ஒரு பொய் வேறு ரகம். தன்னைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வேண்டும். பொய் எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய பாரம். வீட்டு விஷயம் வெளியே வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கும். ஓரளவு பழகியவர்கள் கூடும் கல்யாண வீட்டு மொட்டைமாடியில் இதுவே களைகட்டும். “நீச்சல் தெரியாமலே கிணற்றில் குதித்தேன்” என்று சித்தப்பா சொன்னதும் எழும் கூச்சல் இருக்கிறதே!

வகுப்பில் இதை ஆட ஒரு மாதமாவது போகட்டும். அப்போதும் சீட்டில் எழுதி வாங்கி, நீங்களே வாசியுங்கள்.