சர்க்கரைக் கால் புண்ணுக்கு ஆக்சிஜன் அறை: எந்தக் காலுக்குக் காசு தகும்?

இந்தச் சிகிச்சையில் நோயாளியை மூடிய அறைக்குள் வைத்து, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கவைக்கிறார்கள். அப்போது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலேயே ஆக்சிஜன் கரைந்து, ரத்தம் குறைவாக ஓடும் சதைக்கும் போய்ச் சேருகிறது. சிட்டிங் ஒன்றுக்குச் சுமார் 90 நிமிடம், வாரம் 5 நாள், மொத்தம் 30 முதல் 40 சிட்டிங்.

பலன் கலவையானது. 2010இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 94 பேர். ஓராண்டில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்கும், வெறும் அழுத்தக் காற்று பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கும் புண் ஆறியது. 2018இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், ரத்த ஓட்டம் குறைந்த கால் உள்ள 120 பேரிடம் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆக்சிஜன் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சிட்டிங்கை முடிக்கவே இல்லை. நோய் முற்றிய உடம்போடு தினமும் வந்துபோவது அவ்வளவு கடினம்.

அதனால் பணம் கட்டுமுன் காலைச் சோதிக்கச் சொல்லுங்கள். கணுக்கால் பிரஷர் மட்டும் போதாது. சுண்ணாம்பு படிந்த தமனியில் அது பொய்யாகக் கூட்டிக் காட்டும். கால்விரல் பிரஷரும், புண்ணைச் சுற்றித் தோலின் ஆக்சிஜன் அளவும் வேண்டும். தோல் அளவு 40 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்து, அறைக்குள் 200ஐத் தாண்டினால் புண் ஆற வாய்ப்பு நல்லது. தமனி அடைத்திருந்தால் முதலில் ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ முடியுமா என்று பார்க்க வேண்டும். அழுகிய சதையை அகற்றாமல், புண்மேல் எடை விழாதபடி காலணியோ கட்டோ போடாமல் அறைக்குள் அனுப்புகிற இடத்தை நம்பாதீர்கள்.

ஜிப் வைத்த மென்பை அறைகள் பெரும்பாலும் 1.3 மடங்கோடு நின்றுவிடும். கால் புண்ணுக்கு அவை வேண்டவே வேண்டாம். கெட்டியான அக்ரிலிக் அல்லது எஃகு அறையாக இருக்க வேண்டும்.

உள்ளே போகுமுன் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும், இன்சுலின் போடுபவருக்குக் கட்டாயம். அறைக்குள் அது இறங்கும். அழுத்தம் ஏறும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்கணும், வலித்தால் உடனே சொல்லணும். அடக்கிக்கொண்டால் செவிப்பறை கிழியலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருப்பவரை உள்ளே விடவே கூடாது. பருத்தி உடை மட்டும். எண்ணெய், களிம்பு, செல்போன் எதுவும் கூடாது, ஆக்சிஜனில் ஒரு பொறி போதும். கிட்டப்பார்வை கொஞ்சம் கூடலாம், சிகிச்சை முடிந்தபின் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகும். அதற்குள் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம்.

வாரந்தோறும் புண்ணின் நீள, அகல, ஆழத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். 30 நாளில் அளவு சிறிதும் குறையவில்லை என்றால், மிச்ச சிட்டிங்குக்குப் பணம் கட்டாமல் ரத்தநாள மருத்துவரிடம் காலைத் திரும்பக் காட்டுங்கள்.