சார்ஜும் ஏறவில்லை, வேகமும் இல்லை: ஒரு மடிக்கணினிப் பழுதுநீக்கும் கடையைப் பற்றி

நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மெய்ப்புத் திருத்தும் என் வேலைக்கு ஒரே துணையான மடிக்கணினி, ஒரு நாள் காலையில் சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொண்டது. மின்சாரம் இணைந்திருப்பதாகத் திரையின் ஓரத்தில் குறி தெரிந்தது. ஆனால் 41 விழுக்காட்டில் நின்ற பேட்டரி அங்கிருந்து நகரவே இல்லை. அன்றைக்கே இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. தட்டிய எழுத்து திரையில் விழ ஒரு நொடி, ஒரு கோப்பைத் திறக்க இரண்டு நிமிடம் என்று கணினி முழுவதும் மந்தமாகிப்போனது. இரண்டும் வெவ்வேறு பழுதுகள் என்றே நினைத்தேன்; முதலில் காட்டிய இடத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். அடுத்ததாகக் கொண்டுபோன ஒரு சிறிய பழுதுநீக்கும் கடையில்தான், இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது தெரியவந்தது. அந்தக் கடையின் வேலை எனக்கு எப்படிப் பட்டது என்பதை, குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரைச் சார்ஜர் முனையில் வைத்துப் பார்த்தார்கள், 19.5 வோல்ட் வந்தது. சார்ஜர் நன்றாக இருக்கிறது, அப்படியானால் கணினியின் பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டுதான் போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். வேகக்குறைவுக்கு ரேமைக் கூட்டி, விண்டோஸை அழித்து மறுபடி நிறுவச் சொன்னார்கள். கணினியின் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் சொல்லப்பட்ட தீர்ப்பு என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது கடையில் கணினியைக் கையில் வாங்கும் முன்பே மூன்று கேள்விகள் கேட்டார்கள். சார்ஜர் கணினியோடு வந்ததா, அதில் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கிறது, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினாலும் மந்தமாக இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் விடை தெரிந்தது. மூன்றாவதை நான் சோதித்துப் பார்த்ததே இல்லை. அங்கிருந்த டெக்னீஷியன் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினியின் மூளையான பிராசசரின் வேகம் காட்டும் பக்கத்துக்குப் போனார். 1.6 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகமுள்ள பிராசசர், 0.39 என்ற எண்ணில் அசையாமல் நின்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் சார்ஜர் முனையை உருவினார். சில நொடிகளில் அந்த எண் 2.9 ஆனது, சற்று முன்பு திறக்க மறுத்த கோப்பு சட்டென்று திறந்தது. முனையைத் திரும்பச் செருகியதும் மீண்டும் 0.39. இத்தனை நாளாக நான் ரேம், வைரஸ், விண்டோஸ் அப்டேட் என்று எதையெதையோ சந்தேகித்துக்கொண்டிருக்க, ஒரு முனையை உருவிச் செருகியதிலேயே பழுதின் திசை தெரிந்துவிட்டது.

அதன் காரணத்தையும் அவர் பொறுமையாக விளக்கினார். சில நிறுவனங்களின் உருளை வடிவச் சார்ஜர் முனையில், உட்புறமும் வெளிப்புறமும் மின்சாரத்தைக் கொண்டுசெல்ல, நடுவிலுள்ள மெல்லிய ஊசி வேறொரு வேலையைச் செய்கிறது. சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சிறு சிப்பில், ‘நான் இத்தனை வாட் சார்ஜர்’ என்ற தகவல் பதிந்திருக்கும். கணினி அதை அந்த ஊசி வழியாகத்தான் படித்துக்கொள்கிறது. படிக்க முடியாமல் போனால், எதிரில் இருப்பது எவ்வளவு மின்சாரம் தரவல்லது என்பது கணினிக்குத் தெரியாது. ஆகவே வலுவற்ற சார்ஜர் சூடேறிக் கெட்டுவிடக்கூடாதே என்று, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, பிராசசரின் வேகத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறது. 19.5 வோல்ட் சரியாக வருகிறது என்பதைக் கொண்டு மட்டும் சார்ஜர் வழியில் குறையில்லை என்று சொல்லிவிட முடியாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. டைப்-சி முனையுள்ள கணினிகளிலும் இதைப் போன்ற ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது: சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டுமே தரும், கணினியும் சார்ஜரும் ஒத்துக்கொண்ட பிறகே 20 வோல்ட்டுக்கு ஏறும். அங்கே கேபிளும் பொருட்படுத்த வேண்டிய ஒன்று; 3 ஆம்பியர் கேபிளில் 60 வாட்டுக்கு மேல் கிடைக்காது.

அடுத்துக் குறை சார்ஜரிலா கணினியிலா என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. கடையிலிருந்த அதே வகை 65 வாட் சார்ஜர் ஒன்றை, முதலில் வேறொரு கணினியில் செருகி அது அடையாளம் காணப்படுவதைக் காட்டினார். பிறகு என் கணினியில் செருகி, விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைத் திறந்தார். சார்ஜரின் வகை ‘தெரியவில்லை’ என்றே வந்தது. ஆக, என் சார்ஜர் மேல் குற்றமில்லை. கீழ்மூடியைக் கழற்றி, முதலில் பேட்டரியின் இணைப்பை விடுவித்துவிட்டே மற்றவற்றைத் தொட்டார். என் மாதிரியில் சார்ஜர் செருகும் ஜாக் போர்டில் நேரே பற்றவைக்கப்படாமல், ஒரு சிறு கேபிளின் நுனியில் இருக்கிறது. மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முள்ளை ஜாக்கின் நடு ஊசியிலும் மற்றொன்றைக் கேபிளின் மறுமுனையிலும் தொட்டபோது ‘பீப்’ என்று ஒலித்தது. அப்படியே விரலால் கேபிளை லேசாக வளைத்தார், ஒலி நின்றது. நேராக்கினார், ஒலித்தது. உறைக்குள்ளே அந்த ஒற்றைக் கம்பி அறுந்து, தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. சார்ஜரைச் செருகியபடியே கணினியைத் தூக்கி இடம் மாற்றும் என் பழக்கமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார். மதர்போர்டு போய்விட்டது என்ற தீர்ப்பு எவ்வளவு தூரம் விலகியது என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அதை நம்பி எத்தனை பேர் நல்ல கணினியைத் தூக்கிப் போட்டிருப்பார்களோ.

புதிய ஜாக் கேபிள் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை வேலை ஓட வேண்டுமே என்று, பிராசசரின் இந்த வேகக் கட்டுப்பாட்டை நீக்கிவிடும் மென்பொருள் இருக்கிறதாமே, அதைப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று மறுத்துவிட்டார். அதே கட்டுப்பாடு வேறு ஆபத்துகளின்போதும் பிராசசரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது, அதை நீக்கினாலும் சார்ஜ் ஏறப்போவதில்லை, பழுது மட்டும் கண்ணுக்கு மறைந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். இந்தக் கடையின்மேல் எனக்கு மதிப்பு கூடியது இந்த மறுப்பினால்தான்.

கேபிளை மாற்றியதும் பயாஸில் ‘65 வாட்’ என்று வந்தது, சார்ஜ் ஏறத் தொடங்கியது, வேகமும் திரும்பியது. இருந்தாலும் அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்துப் பார்த்தபோது பிராசசரின் வெப்பம் 97 டிகிரி வரை போனது. 100 டிகிரி வரம்பை நெருங்கினால் வேகம் தானாகக் குறையும் என்பதால், இது தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளம்போல் படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, பிராசசரின் வெப்பத்தைக் கடத்த இடப்படும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக இட்ட பின், அதே வேலையில் 78 டிகிரியைத் தாண்டவில்லை. பேட்டரியையும் மாற்றச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். விண்டோஸே தரும் பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டினார்: வடிவமைக்கப்பட்ட கொள்ளளவு 42,000 மில்லிவாட்-மணி, இப்போது நிரம்புவது 29,400. எழுபது விழுக்காடு இருக்கிறது, உப்பவும் இல்லை, இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குறைகளும் உண்டு. இரண்டு நாள் என்றது மூன்றாகியது; தாமதம் என்று அவர்களாக ஒரு வார்த்தை தெரிவிக்கவில்லை, நானே கேட்டுத்தான் அறிந்தேன். மாற்றிய பழைய கேபிளையும் கேட்ட பிறகே எடுத்துத் தந்தார்கள். ஆனால் இவற்றைவிட என்னை உறுத்தியது வேறொன்று. கணினியின் கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மூடியின் மேலேயே ஒட்டிவைத்திருந்தார்கள். அந்த மேசையைக் கடந்துபோகும் எவரும் அதைப் படிக்கலாம். பிறருடைய கையெழுத்துப் பிரதிகள் என்னிடம் ஒப்படைக்கப்பட்டவை. அவற்றை இப்படித் திறந்துபோட எனக்கு உரிமையில்லை. இந்த வேலைக்குக் கடவுச்சொல் எல்லா நேரமும் தேவையும் இல்லை, பயாஸைப் பார்க்க விண்டோஸுக்குள் நுழையவே வேண்டாம். கொடுப்பதற்கு முன் தனியாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை மட்டும் தந்திருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்த பின்தான் தோன்றியது. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். ஒப்புக்கொண்டு, என் கண்ணெதிரிலேயே மற்றக் கணினிகளின் மேலிருந்த சீட்டுகளையும் கிழித்தெடுத்தார்.

சார்ஜ் ஏறாமை, ஜாக் தளர்வு, சூடேறுதல், பேட்டரி, விசிறி போன்ற பழுதுகளுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். போர்டில் சிப் மாற்றும் நுண்ணிய வேலையை இவர்கள் தாங்களே செய்வதில்லை, வெளியே அனுப்புகிறார்கள். அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லியும் விடுகிறார்கள். என் கணினி பழுது நீங்கி வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இடம் மாறும்போது சார்ஜர் முனையைத் தலையைப் பிடித்து உருவிவிட்டே எழுந்திருக்கிறேன். நேற்றும் பயாஸைத் திறந்து பார்த்தேன். ‘65 வாட்’ என்றே இருந்தது.