டெல்லி மூடுபனியும் டாஃப் என்ற விமான நிலைய முன்னறிவிப்பைப் பார்க்கும் பழக்கமும்: 5க்கு 4

பொங்கலுக்கு ஊருக்குப் போக டெல்லியிலிருந்து காலை 6 மணி ஃபிளைட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், ஏனென்றால் மலிவாகக் கிடைக்கிறதே என்று நானும் வருஷா வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். போன ஜனவரியில் விமான நிறுவனம் விடிகாலை 5 மணி வரைக்கும் 'சரியான நேரத்தில் கிளம்பும்' என்றே மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தது. கிளம்பியது மதியம் ஒன்றரைக்கு.

அதற்கப்புறம்தான் ஏவியேஷன் வெதர் என்ற தளத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அமெரிக்க தேசிய வானிலைச் சேவை நடத்துவது, காசு கிடையாது, லாகின் கிடையாது. டெல்லிக்கான குறியீடு வி.ஐ.டி.பி., அதைப் போட்டால் நம் வானிலை ஆய்வுத் துறை எழுதுகிற மெட்டாரும் டாஃபும் அப்படியே வந்துவிடும். மெட்டார் என்பது இப்போது என்ன நிலவரம் என்பது, அரை மணிக்கொரு முறை வரும். டாஃப் முன்னறிவிப்பு, 6 மணிக்கொரு முறை, அடுத்த 30 மணி நேரத்துக்கு.

முதல் நாள் சரியாக ஏமாந்தேன். 00 முதல் 04 வரை மூடுபனி என்று இருந்தது, சரி, நாலு மணிக்கே விலகிவிடும் என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டேன். அது உலகப் பொது நேரம், ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும், அதாவது காலை 5:30 முதல் 9:30 வரை!

போனில் இருக்கும் சாதாரண வானிலை ஆப் 'பனிமூட்டம், 7 டிகிரி' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். விமான நிலையத்துக்கு வேண்டியது ஆர்.வி.ஆர்., ஓடுதளத்தில் எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்ற கணக்கு, மெட்டாரில் அது இருக்கிறது. டெல்லியில் கேட் 3பி, அதாவது அடர்ந்த மூடுபனியிலும் கருவிகளின் துணையோடு இறங்கும் வசதி, இருப்பதால் 50 மீட்டர் தெரிந்தாலே இறங்கலாம், ஆனால் விமானத்துக்கும் பைலட்டுக்கும் அதற்கான தகுதி இருக்க வேண்டும். கிளம்புவதற்கோ 125 மீட்டராவது வேண்டும். அதனால்தான் வந்த விமானங்கள் வரிசையாக நிற்க, நாம் உள்ளே உட்கார்ந்து 'அவன் மட்டும் எப்படி இறங்கினான்' என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம்.

குறை என்று சொன்னால், மூடுபனி வருமா என்பதை டாஃப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது, எப்போது விலகும் என்பதில்தான் தடுமாறுகிறது. மழை பெய்து ஈரம் ஏறிய மண், மறுநாள் ராத்திரி மேகமில்லாத வானம், அசையாத காற்று, இவ்வளவும் சேர்ந்தால் மூடுபனி வந்துவிடும். ஆனால் கொஞ்சம் காற்று அடித்தாலோ மேலே மேகம் மூடினாலோ கதை மாறிவிடும். இதை ஆராயவே புனேயின் வெப்பமண்டல வானிலை நிறுவனம் 2015 குளிர்காலத்திலிருந்து இதே விமான நிலையத்தில் கருவிகளை வைத்து அளந்துகொண்டிருக்கிறது, அவர்களுக்கே சவாலான விஷயம். ஒருநாள் ஒன்பதரைக்கு விலகும் என்று போட்டிருந்தது, பதினொன்று தாண்டியும் எதிர் டெர்மினல் தெரியவில்லை. அந்த ஒரு மார்க் இதற்காகத்தான் போனது.

இன்னொன்று, உங்கள் விமானம் எங்கிருந்து வருகிறது என்று டாஃப் சொல்லாது. டெல்லி பளிச்சென்று இருக்கும்போது லக்னோவில் சிக்கியிருக்கும். ஃபிளைட் டிராக்கரில் அதையும் பார்த்துவிட்டே வீட்டை விட்டுக் கிளம்புகிறேன், இந்த வருஷம் டிக்கெட்டும் மதியம் 2 மணிக்குத்தான் போட்டிருக்கிறேன், ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போனாலும்.