ஹப்பா, லாரி ஆபீஸா? சூப்பர்வைசர் வேலைக்குப் போகிற நெல்லைப் பிள்ளைகளுக்கு

அக்கா மகனை ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று, நான்குவழிச் சாலை ஓரம் இருக்கும் ஆன்லைன் பார்சல் ஹப்பில், அதாவது பார்சல்களைப் பிரித்து அனுப்பும் இடத்தில், ஷிப்ட் சூப்பர்வைசர். இன்னொன்று, டவுண் பக்கம் பல வருஷமாக நடக்கும் லாரி பார்சல் ஆபீஸில் குடோன் சூப்பர்வைசர். "மாமா, ரெண்டும் ஒரே வேலதானே, சம்பளம் எங்க கூடவோ அங்க போயிரட்டுமா?" என்று போனில் கேட்டான். லாரி ஆபீஸில் ஏழு வருஷம், அப்புறம் ஹப்பில் நாலு வருஷம் இருந்தவன் நான். இரண்டும் ஒரே வேலை கிடையாது. அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே யோசனையில் நிற்கும் பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு.

ஹப்பில் வேலை நடு ராத்திரிக்குமேல்தான் சூடுபிடிக்கும். சென்னை, மதுரைப் பக்கமிருந்து பெரிய வண்டிகள் வரும். லைன்ஹால் வண்டி என்போம். வண்டியோடு வரும் சரக்கு விவரத் தாளான ட்ரிப் ஷீட்டில் இருக்கும் சீல் நம்பரும் கதவில் தொங்கும் சீலும் ஒன்றுதானா என்று பார்த்து, போட்டோ எடுத்து, கேமரா முன்னால்தான் சீலை உடைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பேக்காக ஸ்கேன், பேக்கைப் பிரித்து ஒவ்வொரு பார்சலாக ஸ்கேன். எந்த ரூட் என்று திரை சொல்லும், அந்தக் கூண்டில் போட வேண்டியதுதான். காலை ஏழு எட்டு மணிக்குள் ரைடர்கள் வந்து தங்கள் ரூட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பி வந்ததும் கேஷ் ஆன் டெலிவரி பணத்தை எண்ணி வாங்க வேண்டும், டெலிவரி ஆகாத பார்சலைக் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும்.

திரை சொல்லும் என்றேனே, அது பாதிதான். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. ஆனால் பின்கோடு இன்றும் இரண்டு பக்கமும் 627-ல்தான் தொடங்குகிறது. மேலப்பாளையம் 627005, பாளையங்கோட்டை 627002. கடைசி எண்ணை ஒருவர் மாற்றிப் போட்டால் பெட்டி வேறு ஏரியாவுக்குப் போய்விடும். முகவரியில் "புதூர்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் புதூர் என்று மெஷினுக்குத் தெரியாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த சூப்பர்வைசருக்குப் போன் நம்பரையும் தெருப் பெயரையும் பார்த்ததும் ஓரளவு பிடிபடும். ஹப்பில் உள்ளூர்க்காரனுக்கு மதிப்பு இருப்பது இதனால்தான்.

லாரி ஆபீஸில் எல்லாமே எல்.ஆர். என்கிற லாரி ரசீதைச் சுற்றித்தான். யார் அனுப்பியது, யாருக்கு, எத்தனை உருப்படி, என்ன சரக்கு, வாடகை கட்டியாச்சா அல்லது எடுப்பவர் கட்டும் டு பே-யா, எல்லாம் அந்த ஒரு தாளில். கட்டின் மேலேயே மார்க்கர் பேனாவால் எல்.ஆர். நம்பரும் உருப்படி எண்ணிக்கையும் எழுதியிருக்கும். ஈரோட்டுத் துணிக் கட்டு, கோயம்புத்தூர் மோட்டார், மே மாதக் கடைசியில் சிவகாசி நோட்டுப் புத்தகம், டிசம்பரில் காலண்டர் என்று வரும். உடன்குடிக் கருப்பட்டி, பத்தமடைப் பாய், அல்வா டின் என்று போகும். கடைக்காரர் தட்டுவண்டியோ குட்டியானையோ அனுப்பி எடுத்துக்கொள்வார். சொன்ன நாளுக்குள் எடுக்காவிட்டால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். காலை ஒன்பதுக்குப் போனால் ராத்திரி எட்டு ஒன்பது ஆகிவிடும். பகல் முழுக்க அலைச்சல் இருந்தாலும் ராத்திரித் தூக்கம் உண்டு.

சரி, இனிதான் முக்கியமான விஷயம். சம்பளத்தைவிட இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். எண்ணிக்கை குறைந்தால் என்ன நடக்கிறது? சூப்பர்வைசர் வேலையில் தினமும் ஒருமுறையாவது இது வரும். எந்த இடம் தனக்கு ஒத்துவரும் என்பது இதை வைத்தே தெரிந்துவிடும்.

லாரி ஆபீஸில் ஒருநாள் டவுண் ஜவுளிக்கடை ஒன்றுக்கு வந்த ஆறு கட்டில் ஒன்று இல்லை. முதலாளி சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். அங்கே இருந்த வயதான லோடுமேன் ஒருவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த நீலக் கட்டு காலைல மேலப்பாளையம் வண்டில ஏறிருக்கும் தம்பி. அதே சாக்கு, அதே கயிறு." போய்ப் பார்த்தால் அங்கே இருந்தது. அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் வேறொரு முறை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எழுதி வைத்ததும் எதுவும் இல்லை. ஏற்றியவர் மேல் பழி, இறக்கியவர் மேல் பழி, கடைசியில் லோடுமேன்கள் கூலியிலும் என் சம்பளத்திலும் பிடித்தார்கள். அந்த மாதம் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மனிதர்களின் ஞாபகம்தான் அங்கே சாட்சி. அது இருக்கும்வரை எல்லாம் சுமூகம், இல்லாத அன்றைக்கு நியாயம் கேட்கவும் வழியில்லை.

ஹப்பில் சாட்சி ஸ்கேன். ஒருநாள் அதிகாலை வந்த வண்டியில் ட்ரிப் ஷீட்படி நாற்பத்தொரு பேக். நாங்கள் இறக்கியது நாற்பது. அனுப்பிய இடத்தில் நாற்பத்தொன்றையும் ஸ்கேன் செய்ததாக சிஸ்டம் காட்டுகிறது. ஆக, குறைந்தது எங்களிடம் என்று தானாகவே விழுந்துவிட்டது. கேமராப் பதிவில் வண்டிக் கதவு மறைத்து நிற்கிறது, ஒன்றும் தெரியவில்லை. மதியமே மெயில் வந்தது, சம்பளத்தில் பிடிப்போம் என்று. லாரி ஆபீஸில் இருந்து வந்தவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. வண்டி வந்த நேரம், வண்டி நம்பர், சீல் நம்பர் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிவிடுவேன். அன்று எழுதியிருந்த சீல் நம்பரின் கடைசி இரண்டு எண்ணும் ட்ரிப் ஷீட்டில் இருந்ததும் வேறு வேறு. அவசரத்தில் அதை நான் கவனிக்காமல் வண்டியை இறக்கியது என் தப்புதான். ஆனால் நோட்டும் போன் போட்டோவும் இருந்ததால் வழியிலேயே சீல் மாறியிருக்கிறது என்று நிரூபிக்க முடிந்தது. எட்டு நாள் மெயில் மேல் மெயில் போட்ட பிறகு என் பெயரை எடுத்தார்கள். விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் அந்த எட்டு நாளில்தான் தெரிந்துகொண்டேன். லாரி ஆபீஸில் பிடித்தபோது அது தெரியாமல் போய்விட்டதே என்று இன்றும் ஆறவில்லை.

ஆக, இந்த ஒரு விஷயத்தில் ஹப்புக்கே என் ஓட்டு. எழுத்தில் விழுந்த பழியை எழுத்தாலேயே மறுக்கலாம்.

ஆட்களை நடத்துவதில் நிலைமை தலைகீழ். லாரி ஆபீஸில் லோடுமேன்கள் நமக்கு மூத்தவர்கள். பதினைந்து இருபது வருஷமாக அதே இடத்தில் இருப்பவர்கள். "அண்ணாச்சி, இத முதல்ல எறக்கிருவோமா?" என்று கேட்டுத்தான் வேலை வாங்க முடியும். அதிகாரம் காட்டினால் கட்டு அங்கேயே கிடக்கும். அந்த மரியாதை பழகிவிட்டால் எந்த அவசரத்திலும் கைகொடுப்பார்கள். தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-ன் வழியாக நலவாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துக்கு உதவித்தொகை கிடைக்கும். நாங்கள் இருந்தபோது நாலைந்து பேருக்குப் பதிவு செய்து அட்டை வாங்கிக் கொடுத்தேன். அந்த ஏழு வருஷத்தில் நான் செய்த நல்ல வேலை என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஹப்பில் பையன்கள் எல்லாம் ஏஜென்சி ஆட்கள். நாங்குநேரி, களக்காடு, அம்பைப் பக்கத்துப் பிள்ளைகள், வெளிமாநிலப் பிள்ளைகளும் உண்டு. பெயர் மனதில் பதிவதற்குள் ஆள் மாறிவிடுவார். ரைடர்களுக்குச் சொந்த பைக், சொந்த பெட்ரோல், பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி. திசையன்விளை ரூட்டில் ஊருக்கு ஊர் தூரம் அதிகம், காற்று வேறு. நாள் முழுக்க ஓடினாலும் டவுண் ரூட் அளவுக்கு எண்ணிக்கை தேறாது. அந்த ரூட்டுக்கு யாரை அனுப்புவது என்பது தினமும் காலையில் சூப்பர்வைசர் எடுக்கும் முடிவு. ஒரே பையன் தலையில் கட்டினால் அவன் பத்து நாளில் நின்றுவிடுவான். சுற்றில் விட வேண்டும், யாருக்கு எப்போது என்று பலகையில் எழுதிப் போட வேண்டும். நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆனது.

மழையில் இரண்டு இடமும் அடிபடும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது. ஹப் மேட்டில் இருந்ததால் எங்களுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் வண்டியும் வரவில்லை, ரைடர்களில் பாதிப் பேர் வீடே தண்ணீருக்குள். அந்த நிலையிலும் ஒவ்வொரு பார்சலுக்கும் ஏன் போகவில்லை என்று காரணம் பதியச் சொல்லி சிஸ்டம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் பழைய லாரி ஆபீஸ் குடோனிலோ முழங்கால் அளவு தண்ணீர். கீழ் வரிசைத் துணிக் கட்டெல்லாம் போச்சு. ஆனால் கடைக்காரர்களே வந்து சேர்ந்து தூக்கி மேலே வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். குடோன் எந்த மட்டத்தில் இருக்கிறது, சரக்கு தரையில் கிடக்கிறதா பலகை மேல் இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனித் தேரோட்டம் அன்று ரத வீதிப் பக்கம் வண்டி போகாது, இரண்டு இடத்துக்காரர்களும் முந்தின நாளே டவுண் சரக்கைத் தீர்த்துவிட வேண்டும். தீபாவளி சமயத்தில் இன்னொரு தொல்லை, பட்டாசு. ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. லாரி ஆபீஸிலும் மற்றச் சரக்கோடு கலந்து ஏற்றக் கூடாது. "துணி" என்று எழுதிக் கொண்டுவருவார்கள், தெரிந்த கடைக்காரராகவே இருப்பார். முகம் பார்க்காமல் திருப்பி அனுப்பும் தைரியம் லாரி ஆபீஸ் சூப்பர்வைசருக்கு வேண்டும்.

காகித வேலை லாரி ஆபீஸில்தான் கனம். வெளிமாநிலச் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் என்கிற ஜி.எஸ்.டி. ஆன்லைன் சரக்குச் சீட்டு வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். அதில் வண்டி நம்பர் மாறியிருந்தால் வழியில் நிறுத்திவிடுவார்கள். சரக்குக்காரர் விடுவிக்க வந்தாலும் வரியைப்போல இரு மடங்கு அபராதம். வண்டி பிரேக்டவுன் ஆகி வேறு வண்டிக்கு மாற்றினால் உடனே திருத்த வேண்டும். ஹப்பில் இதெல்லாம் மேலேயே முடிந்து வரும்.

சம்பளம், சட்டம் பற்றிச் சுருக்கமாக. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி, அதற்குமேல் என்றால் இரட்டைச் சம்பளம். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. "நீ சூப்பர்வைசர், உனக்கு ஓ.டி. கிடையாது" என்று சொல்வது இதை வைத்துத்தான். அதனால் வேலை நேரத்தை ஆர்டரில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆர்டர் கம்பெனி பெயரிலா, ஏஜென்சி பெயரிலா என்றும் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 வரை என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. லாரி ஆபீஸ் என்றால் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். நான் கேட்காமல் விட்டதில் மூன்று வருஷம் போனது. உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-ல் அந்தக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஹப்பைப் பார்க்கப் போகும்போது இறக்குமிடத்தில் ஒரு ஸ்டூலாவது கிடக்கிறதா என்று பாருங்கள்.

ராத்திரி ஷிப்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ராத்திரி வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-லேயே சேர்த்திருக்கிறது. 2019-ல் அதை மறுபடி உறுதி செய்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கூரை வீட்டில் பகலில் படுத்துத் தூங்கிப் பார்த்தால் தெரியும். நான் இரண்டு வருஷம் தொடர்ந்து ராத்திரி பார்த்தேன். சர்க்கரை வந்தது அந்தச் சமயத்தில்தான். மகள் பள்ளிக்குப் போகும்போது நான் வீட்டுக்கு வருவேன், அவள் தூங்கும்போது கிளம்புவேன். ஹப்பில் சேருகிறவர்கள் ரைடர்களை அனுப்பிவைக்கும் காலை டிஸ்பாட்ச் ஷிப்டைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மாதம் ஒருமுறை சுற்றில் மாறும் என்று எழுத்தில் வாங்குங்கள். "பிறகு பார்ப்போம்" என்றால் அந்த இடம் வேண்டாம் என்பேன், சம்பளம் எவ்வளவு கூட இருந்தாலும்.

என் முடிவு இது. நாற்பது வயதாகி, டவுண் பஜாரில் நாலு பேருக்கு முகம் தெரிந்தவராக இருந்து, பேச்சில் பொறுமையும் இருந்தால் லாரி ஆபீஸ்தான். அங்கே சேர்த்துவைக்கிற பழக்கம் நாளைக்குச் சொந்தமாக ஏஜென்சி போடவும் உதவும். இருபத்தைந்து வயதுக்காரன் என்றால் ஹப். மூன்று வருஷத்தில் ஸ்கேன், கணக்கு, ரூட் பிரிப்பு என்று அவன் கற்றுக்கொள்வது எந்த ஊருக்குப் போனாலும் செல்லும். அக்கா மகனுக்கு இருபத்துநாலு. காலை ஷிப்ட் கேட்டான், கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை சேர்கிறான். ஒரு நாற்பது பக்க நோட்டும் மார்க்கர் பேனாவும் வாங்கிக் கொடுத்தேன். "ஸ்கேனர் கைல இருக்கும்போது இது எதுக்கு மாமா?" என்றான். முதல் பக்கத்தில் நானே மூன்று கோடு போட்டு, நேரம், வண்டி நம்பர், சீல் நம்பர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.