கூகுள் ட்ரெண்ட்ஸ்: கடை போடுகிறவனுக்கு எவ்வளவு உதவும்?

ஆன்லைனில் கடை போடப்போகிறேன், என்ன விற்கலாம் என்று யாரிடமாவது கேட்டுப்பாருங்கள், 'ட்ரெண்ட்ஸில் போட்டுப் பாரு' என்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். 2021-லிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தப்பாகப் படித்து ஒரு தடவை பணத்தைக் கரைத்தேன், அது ஒன்றுமே காட்டாத ஒரு பொருளில் இப்போது சம்பாதிக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் இந்த விமர்சனம். மார்க்கை இப்போதே சொல்லிவிடுகிறேன்: 5-க்கு 3.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2006-ல் கூகுள் ஆரம்பித்த இலவச சேவை. ஒரு சொல்லைத் தட்டினால், 2004-லிருந்து இன்றுவரை அதை எவ்வளவு ஆர்வமாகத் தேடியிருக்கிறார்கள் என்று ஏறி இறங்கும் ஒரு கோடு வரும். நாடு, மாநிலம் என்று சுருக்கலாம், யூடியூப் தேடல், ஷாப்பிங் தேடல் என்று மாற்றிப் பார்க்கலாம், பல சொற்களைச் சேர்த்துப் போட்டு ஒப்பிடலாம். லாகின்கூட வேண்டாம். காசு கேட்காத ஒரு சேவைக்கு இவ்வளவே பெரிது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்தக் கோட்டில் இருக்கிற 100 என்ற எண் இருக்கிறதே, அதுதான் புதியவர்களைக் கவிழ்க்கிறது. என்னையும் கவிழ்த்தது. 100 என்றால் நூறு பேரும் இல்லை, நூறாயிரம் பேரும் இல்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் அந்தச் சொல் எப்போது உச்சத்தில் இருந்ததோ அதை 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் போடுகிறார்கள். எனவே ஆயிரம் பேர் தேடிய சொல்லுக்கும் 100 வரும், கோடிப் பேர் தேடிய சொல்லுக்கும் 100 வரும். மாநில வாரி வரைபடத்திலும் இதே கதைதான். அடர் நிறத்தில் தெரிகிற மாநிலத்தில் அதிகம் பேர் தேடினார்கள் என்று அர்த்தமில்லை, அங்கே நடக்கிற மொத்தத் தேடலில் இதன் பங்கு அதிகம், அவ்வளவுதான். ஒரு குட்டி யூனியன் பிரதேசம் பெரிய மாநிலத்தைவிட அடர்த்தியாகத் தெரிந்தால், ஆகா சந்தை அங்கேதான் இருக்கிறது என்று துள்ளக்கூடாது. இதெல்லாம் அவர்களுடைய உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. நான் அதைப் படித்தது பணம் போன பிறகு.

அந்தக் கதை இதுதான். 2021, ஊரடங்கு, கையில் கொஞ்சம் சேமிப்பு. 'பாப் இட்' ஞாபகம் இருக்கிறதா, விரலால் அமுக்கினால் டப் டப் என்று சத்தம் வருமே, கலர் கலராக, அந்த சிலிக்கான் பொம்மை. தொடர்புடைய தேடல்களின் பட்டியலில் அதன் பக்கத்தில் 'பிரேக்அவுட்' என்று போட்டிருந்தது. தேடல் 5000 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அந்த வார்த்தையைப் போடுவார்கள். எனக்குக் கை அரித்தது. சென்னை பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரியிடம் மூன்று அட்டைப்பெட்டி நிறைய எடுத்தேன். பெட்டி கோயம்புத்தூர் வந்து, போட்டோ எடுத்து, லிஸ்டிங் (ஆன்லைன் கடையில் பொருளுக்கான பக்கம்) போடுவதற்குள் காந்திபுரம் பிளாட்பாரத்தில் நான் வாங்கிய விலைக்கே கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். கோடு உச்சியில் நிற்கும்போது அது என் கண்ணுக்கு மட்டுமா தெரியும், பாரிமுனை வியாபாரிக்கும் தெரியும், அவருக்குச் சரக்கு அனுப்புகிறவருக்கு அதற்கு முன்னாலேயே தெரியும். போதாக்குறைக்கு, 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் பெட்டிகளில் ஒரு பொம்மையில்கூட அது இல்லை. ஒரு பெட்டி இன்னும் பரணில் கிடக்கிறது. அக்கா பிள்ளைகளுக்கே அது இப்போது சலித்துப்போய்விட்டது.

சரி, எதற்கு அந்த 3 மார்க் என்று கேட்கலாம். சீசனுக்கு. இந்த ஒரு விஷயத்தில் இதை அடிக்க ஆளில்லை.

'கோலம்', 'ரங்கோலி' இரண்டையும் சேர்த்துப் போட்டு, ஐந்து வருஷத்துக்கு இந்தியாவை எடுத்துப் பாருங்கள். நாம் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாக நினைக்கிறோம். ஆனால் ரங்கோலி தீபாவளியை ஒட்டி எகிறும், கோலம் மார்கழியிலும் பொங்கலிலும் எகிறும். கோல அச்சு, கலர்ப்பொடி விற்கிறவருக்கு இதில் இரண்டு அறுவடை இருக்கிறது: ஒரே சரக்கை ஐப்பசியில் வடக்கே ஒரு பெயரிலும் மார்கழியில் இங்கே இன்னொரு பெயரிலும் விற்கலாம். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பில் என்னிடம் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள், பெயர் வேண்டாம். அவர்கள் திரையில் போட்டுக் காட்டியதும் இதே இலவசப் பக்கம்தான்.

அதே மாதிரி 'கொலு பொம்மை'. நவராத்திரிக்கு முன்னால் ஊசி மாதிரி ஒரு கோடு செங்குத்தாக ஏறும், பிறகு அடுத்த வருஷம் வரை தரையோடு தரை. பார்த்தவுடனே புரிந்துவிடும், பதினோரு மாதம் போட்ட பணம் முடங்கிக் கிடக்கும் வியாபாரம் இது என்று. பண்ருட்டியிலோ விளாச்சேரியிலோ காலம் காலமாகச் செய்கிறவர்களுக்கு அது பழகிய கணக்கு. சம்பளக்காரன் வேலையோடு பக்கத்தொழிலாகச் செய்ய நினைத்தால் மூச்சு முட்டும். எந்தத் தொழிலில் இறங்கக்கூடாது என்று தெரிந்துகொள்ள ட்ரெண்ட்ஸ் நல்ல துணை.

ஆனால் அந்தக் கோட்டில் தெரியாத ஒன்று இருக்கிறது. இரண்டு கிலோ மண் பொம்மை உடையாமல் போய்ச் சேர 40-க்கு 30-க்கு 30 செ.மீ. பெட்டி வேண்டும். பெரும்பாலான கூரியர்காரர்கள் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்துத்தான் எடை போடுவார்கள். அப்படிப் பார்த்தால் 7.2 கிலோவுக்குக் காசு. உள்ளே இருப்பது இரண்டு கிலோ, மீதி காற்றும் வைக்கோலும். லாபம் அங்கேயே போய்விடுகிறது. அதற்கு மேல், வீட்டில் ஆள் இல்லை என்று கேஷ் ஆன் டெலிவரி பார்சல் திரும்பி வந்தால், போகிற கூலியோடு வருகிற கூலியும் நம் தலையில்தான்.

இப்போது நான் உண்மையில் விற்கிற பொருளுக்கு வருகிறேன். கிரைண்டர் பெல்ட். ஆமாம், மாவரைக்கிற வெட் கிரைண்டரின் ரப்பர் பெல்ட்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை, தானாக வந்து மாட்டியது. சித்தி வீட்டு டேபிள் டாப் கிரைண்டரில் மோட்டார் ஓடுகிறது, டிரம் சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தால் பெல்ட் அறுந்து கிடக்கிறது. அவர் இருப்பது நாக்பூரில், அங்கே கடைக்காரருக்கு அது என்ன என்றே புரியவில்லை. நான் கோயம்புத்தூர் ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிக் கவரில் போட்டு அனுப்பினேன். அங்கே கல்லாவில் இருந்த பெரியவரிடம் சும்மா கேட்டேன், இதை ஆன்லைனில் யாராவது வாங்குவார்களா என்று. "ஏனுங்க தம்பி, அரிசி ஊறப்போட்டுட்டு நிக்கிற பொம்பளைக்கு பெல்ட் அந்துபோச்சுன்னா, வெல பாத்துட்டா வாங்குவாங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்து ட்ரெண்ட்ஸில் போட்டேன். 'கிரைண்டர்' என்று மட்டும் போட்டால் மிக்ஸி கிரைண்டர், காபி கிரைண்டர், இரும்பு அறுக்கிற ஆங்கிள் கிரைண்டர் எல்லாம் கலந்து ஒரு கூட்டம். சொல்லாகத் தேடாமல் 'தலைப்பு' என்று காட்டுவதைத் தேர்ந்தெடுத்தால் வேறு எழுத்தில், வேறு மொழியில் தேடியதும் சேர்ந்து கொஞ்சம் சுத்தமாகும், இது பலருக்குத் தெரியாத நல்ல வசதி. பெல்ட் என்று சேர்த்ததும் காட்டுவதற்குப் போதிய தரவு இல்லை என்று வந்தது. குறைவாகத் தேடப்படும் சொற்களை அப்படித்தான் காட்டும், கருவியின் இயல்பு அது. ஒரு சொல்லை மாதம் எத்தனை தடவை தேடுகிறார்கள் என்று விளம்பரதாரர்களுக்குக் காட்டும் கூகுளின் கீவேர்ட் பிளானரிலும் விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவர்களுக்கு மாதம் 10 முதல் 100 வரை என்று ஒரு குத்துமதிப்புதான் கிடைக்கும்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தால் இங்கே கடையை மூடிவிட்டு அடுத்த யோசனைக்குப் போயிருக்க வேண்டும். நான் அமேசானில் கிரைண்டர்களின் பக்கங்களுக்குப் போய் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை உட்கார்ந்து படித்தேன், இரண்டு ராத்திரி. பெல்ட் எங்கே கிடைக்கும், மாவு வழிக்கிற பிளேடு உடைந்துவிட்டது, தேங்காய்த் துருவி தனியாகக் கிடைக்குமா, பெங்களூரில் யார் சர்வீஸ் செய்வார்கள். இதே புலம்பல் பக்கம் பக்கமாக. அவர்கள் யாரும் கூகுளில் 'கிரைண்டர் பெல்ட்' என்று தேடவில்லை. அந்தப் பொருளுக்கு என்ன பெயர் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. கம்பெனி பெயர் போட்டுத் தேடுகிறார்கள், 'கிரைண்டர் சுத்தல' என்று யூடியூபில் தேடுகிறார்கள், மகனுக்கு போட்டோ அனுப்புகிறார்கள். இந்த நூறு விதமான தேடலை ஒரு கோட்டில் எப்படிப் பிடிப்பது?

இன்னொன்றும் எந்த வரைபடத்திலும் இல்லை. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பல கம்பெனிகள் செய்து கொடுத்த சரக்கு. அந்த கிரைண்டர்களுக்கு இப்போது வயது பத்தைத் தாண்டிவிட்டது. எனக்கு வருகிற போட்டோக்களில் பாதி உரிந்த ஸ்டிக்கரோடு அவற்றை அடிக்கடி பார்க்கிறேன். ரப்பர் பெல்ட் அவ்வளவு காலம் உழைத்ததே பெரிய விஷயம். ஆக, எந்த வருஷம் எந்தப் பொருள் ஊர் முழுக்க வீட்டுக்குள் போனது என்று யோசித்தாலே, இப்போது எதற்கு உதிரி பாகம் தேவைப்படும் என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடுகிறது.

பெல்ட்டின் அருமை என்னவென்றால், அனுப்பும்போது உடையாது, சீக்கிரம் கெடாது, கவரில் அடங்கும், சீசன் கிடையாது, இட்லி இருக்கிறவரை வேலை இருக்கிறது. பெரிய கடைகளுக்கு இதில் இறங்க மனசு வராது, ஏனென்றால் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு தடவையாவது வாட்ஸ்அப்பில் பேச வேண்டும். பெல்ட்டின் முதுகில் ஓர் எண் அச்சடித்திருக்கும், பத்து வருஷம் ஓடியதில் அது தேய்ந்து போயிருக்கும். அறுந்த பெல்ட்டைத் தரையில் நேராக நீட்டி, பக்கத்தில் தையல் டேப்பை வைத்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்கிறேன். அகலத்துக்கு இன்னொன்று, பக்கவாட்டில். இந்த இரண்டு போட்டோ கேட்க ஆரம்பித்த பிறகு தப்பான சைஸ் என்று திரும்பி வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. முன்பணம் மட்டும்தான், கேஷ் ஆன் டெலிவரி வைத்துக்கொள்ளவில்லை, யாரும் சண்டைக்கும் வரவில்லை. அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது இல்லையா.

எனவே ட்ரெண்ட்ஸ் யாருக்கு? ஏற்கெனவே ஒரு பொருள் கையில் இருந்து, எந்த மாதம் எவ்வளவு சரக்கு எடுப்பது, எந்தப் பெயரில் லிஸ்டிங் போடுவது என்று யோசிக்கிறவருக்கு அருமையான சேவை. நான் இப்போதும் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். ஐந்து வருஷக் கோட்டைத்தான் பார்ப்பேன், தொண்ணூறு நாள் கோடு வீணான பதற்றம். 'பிரேக்அவுட்' என்று கண்ணில் பட்டால் பக்கத்தை மூடிவிடுவேன். வெறுங்கையோடு வந்து எனக்கு ஒரு தொழில் காட்டு என்று கேட்கிறவருக்கு அது காட்டுவது ஏற்கெனவே கூட்டம் கூடிய இடத்தைத்தான். அந்த இரண்டு மார்க்கைக் குறைத்தது அதற்காகத்தான், கருவி மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா போட்டோ அனுப்பியிருந்தார். பெல்ட் இல்லை, டிரம்மின் மேல் கல்லை அசையாமல் பிடிக்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் லாக், கட்டைவிரல் அளவுதான், நடுவில் உடைந்திருந்தது. "இது மட்டும் தனியா கிடைக்குமா தம்பி, இதுக்காக புது கிரைண்டரா வாங்குறது" என்று கேட்டிருந்தார். பழக்கதோஷத்தில் ட்ரெண்ட்ஸில் போட்டுப் பார்த்தேன். போதிய தரவு இல்லை. ஆவாரம்பாளையத்துப் பெரியவரிடம் ஐம்பது எண்ணம் சொல்லியிருக்கிறேன்.