பிஎல்சி பேனலுக்கு 24 வோல்ட்: ஒரு எஸ்எம்பிஎஸ்ஸா, இரண்டா?

ஒரு மெஷினை இயக்கும் பிஎல்சி (தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி) பேனலில் சிபியு, ஐஓ (இன்புட்-அவுட்புட்) கார்டுகள், சென்சார்கள், சோலினாய்டு வால்வுகள் எல்லாம் சேர்த்து 14 ஆம்பியர் லோடு என்று வைத்துக்கொள்வோம். எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக மாற்றும் பவர் சப்ளை) மூலம் 24 வோல்ட் டிசி கொடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, 20 ஆம்பியரில் ஒரே எஸ்எம்பிஎஸ். செலவு குறைவு, வயரிங்கும் எளிது. அரைமணி நேரம் நின்றால் பெரிய நஷ்டமில்லாத மெஷினுக்கு இது போதும். ஸ்டோரில் ஒரு ஸ்பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் இரண்டை நேரடியாக பேரலலில் போடுவது. பலர் இதைப் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள்; மூன்றில் மோசமானது இதுதான். ஒன்று போனால் மற்றது 14 ஆம்பியரைத் தாங்காது. ஓவர்லோடில் விட்டுவிட்டு வரும், சிபியுவும் கூடவே விழும். ஒன்று 24.3, இன்னொன்று 24.1 வோல்ட்டில் இருந்தால், முதலாவது தன் எல்லை வரை தனியாகவே இழுத்துச் சூடாகும். ஒன்றின் அவுட்புட்டில் உள்ளேயே ஷார்ட் ஆனால் இரண்டும் சேர்ந்து படுக்கும்.

மூன்றாவது, 20 ஆம்பியரில் இரண்டு, நடுவே ரிடண்டன்சி மாட்யூல் (ஒன்று கெட்டாலும் மற்றதைப் பாதிக்காதபடி இரண்டின் அவுட்புட்டையும் சேர்ப்பது). அந்த மாட்யூலில் டயோடா, மாஸ்ஃபெட்டா? ஷாட்கி டயோடில் சுமார் அரை வோல்ட் இறங்கும். 14 ஆம்பியருக்கு 7 வாட் வெப்பம். மாஸ்ஃபெட்டில் 0.1 முதல் 0.2 வோல்ட், அதாவது 3 வாட்டுக்குள். மூடிய பேனலில் இந்த வித்தியாசம் பெரிது. 10 டிகிரி கூடினால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. டயோடுதான் என்றால் இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸையும் 24.5 வோல்ட்டுக்கு ஏற்றி வையுங்கள். (அரை வோல்ட்டுக்குக் கவலைப்படுகிறவர்கள் வயரையும் பார்க்க வேண்டும்: 1.5 சதுர மி.மீ. வயரில் 10 மீட்டர் தூரம் 10 ஆம்பியர் போனால், போகவர 2.4 வோல்ட் காலி.)

மாட்டும்போது இரண்டின் இன்புட்டும் ஒரே எம்சிபியிலிருந்து (ஷார்ட், ஓவர்லோடில் தானாக விழும் பிரேக்கர்) வந்தால் காசு வீண். ஒன்றை யூபிஎஸ்ஸிலிருந்தும் மற்றதை வேறு ஃபீடரிலிருந்தும் எடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் மேலேயும் கீழேயும் மேனுவல் சொல்லும் இடைவெளி வேண்டும். வயர் டக்டை ஒட்டி மாட்டினால் காற்று ஏறாது. ஒவ்வொன்றின் டிசி ஓகே கான்டாக்டையும் (அவுட்புட் சரியாக இருப்பதைச் சொல்லும் சிக்னல்) பிஎல்சியின் தனித்தனி டிஜிட்டல் இன்புட்டுக்குக் கொண்டுபோங்கள். அந்த வயர் இல்லையென்றால் முதல் எஸ்எம்பிஎஸ் செத்தது யாருக்கும் தெரியாது. இரண்டாவது சாகும்போதுதான் லைன் நின்று தெரியும்.

எந்த வழியானாலும் அவுட்புட் பக்கம் ஒரு பிரச்சினை உண்டு. சி கர்வ் (எவ்வளவு கரண்டில் விழும் என்பதைக் குறிக்கும் வகை) 10 ஆம்பியர் எம்சிபி டிசியில் சட்டென்று விழ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும்; 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸால் அதைத் தர முடியாது. ஒரு சென்சார் கேபிள் ஷார்ட் ஆனால் எம்சிபி அசையாது, 24 வோல்ட் சரிந்து சிபியு ரீஸ்டார்ட் ஆகும். அங்கே சேனல் வாரியாக எலக்ட்ரானிக் பிரேக்கர் (கரண்டைத் தானே அளந்து துண்டிப்பது) போடுங்கள்.

முழு லோடில் ஒவ்வொரு இன்புட்டையும் மாறிமாறி ஆஃப் செய்து, மல்டிமீட்டரை சிபியு டெர்மினலில் வைத்துப் பார்த்த பிறகே பேனலை ஒப்படையுங்கள்.