ட்ரெட்டினாயினா, அடாபலீனா? பருவுக்கு எழுதித் தரும் நான்கு ரெட்டினாய்டு க்ரீம்கள், போட்டுப் பார்த்த அனுபவத்தோடு

பருவுக்கு ரெட்டினாய்டு க்ரீம் எழுதி வாங்கிய யாரும் முதலில் கேட்பது "இதில் எது ஸ்ட்ராங்?" என்றுதான். நானும் அப்படிக் கேட்டுத்தான் ஆரம்பித்தேன். ட்ரெட்டினாயின் 0.05 சதவீத க்ரீமை முதல் நாளிலிருந்தே தினமும் இரவு முகம் முழுக்கத் தாராளமாகத் தேய்த்தேன், பத்தாம் நாள் வாயோரம் வெடித்து, சிரித்தால்கூட எரிந்தது, மூன்றாவது வாரம் ட்யூபை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு இது நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு வருடம் கழித்து அடாபலீன். அதற்கும் இரண்டு வருடம் கழித்து மறுபடி ட்ரெட்டினாயின், இந்த முறை நன்றாகவே ஒத்துப்போனது. இதற்கிடையில் அக்கா டாசரோட்டீன் போட்டாள், தம்பி முதுகுப் பருவுக்கு ட்ரைஃபரோட்டீன் போட்டான். ஆக நான்கையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 12 வாரம் விடாமல் போட முடிகிற க்ரீம் எதுவோ, உங்களுக்கு நல்ல க்ரீம் அதுதான். சதவீதம், புதுசு பழசு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏன் 12 வாரம்? பரு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே மயிர்க்கால் துளைக்குள் உதிர வேண்டிய செல்களும் எண்ணெயும் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடுகின்றன. இந்தக் கண்ணுக்குத் தெரியாத அடைப்புக்கு மைக்ரோகொமிடோன் என்று பெயர், கரும்புள்ளியானாலும் சீழ் பிடித்த பருவானாலும் தொடக்கம் இதுதான். ரெட்டினாய்டுகள் எல்லாமே வைட்டமின் ஏ வழியில் வந்தவை, அல்லது அதைப் போல வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. செல்லுக்குள் இருக்கும் ரெட்டினாயிக் அமில ரிசெப்டரில் (மருந்தின் சமிக்ஞையை ஏற்கும் புரதம், இதில் சில வகைகள் உண்டு) போய் ஒட்டி, அந்தச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒழுங்காக உதிரும்படி செய்கின்றன, கூடவே வீக்கத்தையும் தணிக்கின்றன. அதாவது இன்று போடும் க்ரீம் இன்றைய பருவைவிட அடுத்த மாதம் வரவிருக்கும் பருவின் மேல்தான் அதிகம் வேலை செய்கிறது. பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போல வைப்பவர்களுக்குப் பலன் கிடைக்காததற்கும் இதுவே காரணம், பரு வரும் பகுதி முழுக்கப் போட வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கும் ரெட்டினால் சீரத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தோலுக்குள் போய் இரண்டு படி மாறிய பிறகுதான் ரெட்டினாயிக் அமிலம் ஆகிறது, அதனால் வேகமும் வலுவும் குறைவு.

சரி, முதலில் ட்ரெட்டினாயின். நான்கில் மூத்தது இதுதான். அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஆல்பர்ட் க்ளிக்மனும் ஜேம்ஸ் ஃபுல்டனும் இதைப் பருவுக்குப் பயன்படுத்தி 1969-இல் கட்டுரை வெளியிட்டார்கள், 1971-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. (க்ளிக்மன் பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் மீது ஆண்டுக்கணக்கில் தோல் சோதனைகள் நடத்தியவர். இந்த க்ரீமால் பலன் பெற்ற எனக்கு அந்த வரலாறு மனதை உறுத்துகிறது, அதைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியவில்லை.) இத்தனை காலம் புழக்கத்தில் இருப்பதால் இதைப் பற்றித் தெரிந்த விஷயமும் அதிகம்: பரு தவிர, பரு விட்டுப்போன கருந்திட்டுகள், தோலின் மேடுபள்ளம், மெல்லிய சுருக்கம் என்று பலவற்றிலும் முன்னேற்றம் தரும். 0.025, 0.05, 0.1 சதவீதங்களில் வருகிறது. க்ரீமா ஜெல்லா என்பதும் இதில் முக்கியம், ஏனென்றால் பல ஜெல்கள் ஆல்கஹால் கலந்தவை, எண்ணெய்ப் பசை உள்ள முகத்துக்குச் சரி, வறண்ட முகத்தை இன்னும் காயவைத்துவிடும்.

அதன் குறைகள் இரண்டு. ஒன்று, வெளிச்சத்தில் சிதைந்துவிடும், அதனால் இரவில் மட்டும்தான். இரண்டாவது, பென்சாயில் பெராக்சைடோடு (பருக் கிருமியைக் கொல்லும், மேலே பூசும் மருந்து) சேர்த்துப் பூசினால் வழக்கமான ட்ரெட்டினாயின் கெட்டுப்போகும். பருவுக்கு இந்த இரண்டையும் ஒரே நாளில் எழுதித் தருவது சாதாரணம். ஒன்று காலையில், மற்றொன்று இரவில் என்று பிரித்துப் போட வேண்டும், ஆனால் எனக்கு முதல் முறை அதை யாரும் சொல்லவில்லை, இரண்டையும் இரவில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டிருந்தேன். எரிச்சல் இரட்டிப்பு, மருந்தும் வீண்.

அடாபலீன் இந்த இரண்டு இடத்திலும் ஜெயிக்கிறது. வெளிச்சத்துக்கும் அசையாது, பென்சாயில் பெராக்சைடுக்கும் அசையாது. அதனால்தான் இரண்டும் கலந்த ஒரே ஜெல்லாகவே தயாரிக்க முடிகிறது, அடாபலீன் 0.1 சதவீதமும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமும் உள்ளது அதில் அதிகம் பேருக்குத் தெரிந்தது. இது ஆய்வுக்கூடத்தில் உருவான மூலக்கூறு, 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, எல்லா ரிசெப்டர் வகைகளையும் சீண்டாமல் பீட்டா, காமா என்ற இரண்டையே பெரிதும் தேடிப் போகும். எரிச்சல் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லையும் 0.025 சதவீத ட்ரெட்டினாயின் ஜெல்லையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் பரு குறைவது ஏறக்குறைய ஒரே அளவு, எரிச்சல் மட்டும் அடாபலீனில் குறைவு. 2016-இல் அமெரிக்காவில் 0.1 சதவீத ஜெல்லை மருந்துச் சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்தார்கள், 0.3 சதவீதம் இன்னமும் மருத்துவர் எழுதித் தருவதுதான்.

என் முகத்தில் அடாபலீன் எப்படி நடந்துகொண்டது என்றால், முதல் இரண்டு வாரம் மூக்கோரம் லேசாகத் தோல் உரிந்தது, அவ்வளவுதான். மூன்றாவது வாரத்திலிருந்து நெற்றியில் பரு அதிகமானது. ஆறாவது வாரம் வரை அப்படியே இருந்தது. எட்டாவது வாரம் வாக்கில் புதிதாக வருவது குறைந்தது, மூன்றாம் மாத முடிவில் நெற்றியைத் தடவினால் கையில் எதுவும் தட்டவில்லை. பல வருடத்தில் முதல் முறையாக முடியை நெற்றியில் இழுத்துவிடாமல் வெளியே போனேன். அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

இடையில் பரு அதிகமானதைத்தான் பர்ஜிங் என்கிறார்கள். பாதிப் பேர் மருந்தை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன், என்னிடம் பேசியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். உள்ளே ஏற்கெனவே அடைத்துக் கிடந்தவை வேகமாக மேலே வருகின்றன, அவ்வளவுதான், எல்லோருக்கும் வருவதும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் பர்ஜிங் என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதும் தவறு. எனக்கு வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வந்து, வழக்கத்தைவிட சீக்கிரம் அடங்கினால் அது பர்ஜிங். இதுவரை பருவே வராத கன்னத்தில், வாயைச் சுற்றி, ஒரே அளவில் பொடிப்பொடியாகச் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தால் அது தோல் புண்பட்டிருப்பதன் அடையாளம். நான் முதல் முறை ட்ரெட்டினாயினில் கண்டது இந்த இரண்டாவது வகை. அதை பர்ஜிங் என்று நினைத்து இன்னும் சில நாள் தேய்த்தேன். மாநிறத்துக்கும் அதற்கு மேல் கறுத்த நிறத்துக்கும் இதில் கூடுதல் ஆபத்து உண்டு, எரிச்சலே கருந்திட்டாக மாறும். பரு போனாலும் அந்தத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். எனக்கு வாயோரம் நின்ற திட்டு மறைய எட்டு மாதம் ஆனது. கறுத்த தோல் உள்ளவர்களிடம் மெதுவாகப் போங்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

டாசரோட்டீன் பற்றி எனக்குத் தெரிந்தது அக்கா வழியாக. 1997-இல் வந்தது, சோரியாசிஸுக்கும் கொடுப்பார்கள், தோலில் பட்ட பிறகு டாசரோட்டீனிக் அமிலமாக மாறி வேலை செய்யும். நான்கில் முரட்டுத்தனமானது என்று பெயர் எடுத்தது. அக்காவுக்குத் தாடை நெடுக ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்த கட்டிகள், அடாபலீனுக்கு அசையாதவை, இதில்தான் கரைந்தன. ஆனால் அவள் அதை இரவு முழுக்க வைக்கவே இல்லை. அவளுடைய மருத்துவர் சொன்னபடி பூசி, ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுவாள், தோல் பழகிய பிறகுதான் நேரத்தைக் கூட்டினாள். குறுகிய நேரம் வைத்துக் கழுவும் இந்த முறை டாசரோட்டீனில் ஆய்வு செய்யப்பட்ட ஒன்றுதான், அவளாகக் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. குழந்தைக்குத் திட்டமிட்டபோது முற்றிலும் நிறுத்தினாள். கர்ப்ப காலத்தில் மேலே பூசும் எந்த ரெட்டினாய்டையும் தவிர்க்கத்தான் சொல்வார்கள், டாசரோட்டீனுக்கு அது கண்டிப்பான தடை. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ட்ரைஃபரோட்டீன் புதியது, 2019-இல் அனுமதி பெற்றது, காமா ரிசெப்டரை மட்டும் குறிவைத்தது. அதன் சதவீதம் 0.005. சதவீதத்தை வைத்து வலிமையை அளப்பவர்கள் இதை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்: அந்தக் கணக்குப்படி இது 0.1 சதவீத அடாபலீனில் இருபதில் ஒரு பங்கு வலுவுள்ளதாக இருக்க வேண்டும், நிஜத்தில் அப்படி இல்லை. ஒரே மருந்தின் இரண்டு அளவுகளை ஒப்பிடத்தான் சதவீதம் உதவும். இதை முகத்தில் மட்டும் இல்லாமல் மார்பு, தோள், முதுகிலும் சோதித்துத்தான் அனுமதி வாங்கினார்கள், தம்பிக்கு எழுதித் தந்ததும் அதனால்தான். அவனுக்கு முகம் மூன்று மாதத்தில் தெளிந்தது, முதுகு ஆறு மாதத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. முதுகுக்கு யாராவது பூசிவிட வேண்டியிருந்ததும், வெயிலில் விளையாடப் போகும்போது தோளுக்கும் சன்ஸ்கிரீன் தேவைப்பட்டதும்தான் அவனுக்குச் சிரமம்.

எதை எடுத்தாலும் தொடங்கும் விதம் ஒன்றுதான், எனக்கு இரண்டாவது முறை ட்ரெட்டினாயின் கைகொடுத்ததும் விதத்தை மாற்றியதால்தான். அந்த முறை 0.025 க்ரீம், வாரத்தில் இரண்டே இரவு. முகம் கழுவி, நன்றாகக் காயும்வரை காத்திருந்து, முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் முகம் முழுமைக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு மருந்து, மறுபடி மாய்ஸ்சரைசர். கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் தொடவில்லை. மூன்று வாரம் கழித்து ஒன்றுவிட்டு ஒரு இரவு, இரண்டு மாதம் கழித்துத் தினமும். காலையில் தவறாமல் சன்ஸ்கிரீன். ஸ்க்ரப், அமில டோனர் எல்லாவற்றையும் அந்த மாதங்களில் ஒதுக்கிவைத்தேன், முகத்தில் வேக்சிங்கும் கூடாது, தோலே உரிந்து வந்துவிடும். பென்சாயில் பெராக்சைடு காலையில். (அது துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கவைக்கும், வெள்ளைத் துணி வைத்துக்கொள்வது நல்லது.)

முதல் முறையாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால் அடாபலீன் 0.1 என்றுதான் சொல்வேன், யோசிக்கவே மாட்டேன். பரு அடங்கிவிட்டது, திட்டும் மேடுபள்ளமும்தான் கவலை, தோலும் ரெட்டினாய்டுக்குப் பழகிவிட்டது என்றால் ட்ரெட்டினாயின் பக்கம் போகலாம். டாசரோட்டீனை மற்றவை தோற்ற பிறகு, கூடவே இருந்து பார்க்கும் மருத்துவர் இருந்தால் மட்டும். முதுகும் மார்பும் சேர்ந்தது என்றால் ட்ரைஃபரோட்டீனைப் பற்றிக் கேளுங்கள். ஆழத்தில் வலிக்கும் பெரிய கட்டிகள், குழிவிழும் தழும்புகள் என்றால் இந்த நான்கில் எதையும் தனியாக நம்பி மாதங்களைக் கழிக்க வேண்டாம். அதற்கு மாத்திரைகள் உண்டு, தள்ளிப்போட்டால் தழும்புதான் மிஞ்சும்.

பரு போன பிறகும் நான் நிறுத்தவில்லை. ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன், இரண்டே மாதத்தில் நெற்றியில் மறுபடி தட்டுப்பட ஆரம்பித்தது. இப்போது ஒன்றுவிட்டு ஒரு இரவு. தொடங்குபவர்கள் முதல் இரவே, க்ரீம் போடும் முன், ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தின் மூன்று பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள். ஐந்தாவது வாரம் எனக்கு எதுவுமே மாறவில்லை என்று அழுகை வந்தது, நிறுத்தவிருந்தேன். அன்று பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தாடையில் இருந்த ஏழு கட்டிகளில் மூன்றுதான் மிச்சம் இருந்தன.